ராக்கெட்டோடு ஊரையும் வையுங்கள்

தும்பா விண்வெளி அருங்காட்சியகத்தில் உள்ள பொருட்களிலேயே பெரியதும் பழையதும் ஈடு சொல்ல முடியாததும் அந்தக் கட்டடம்தான். புனித மரிய மகதலேனா ஆலயம். கடலோர மீனவக் குடும்பங்கள் ஞாயிறு பூசைக்குக் கூடிய கோயில் அது. 1960களின் தொடக்கத்தில் இந்தியாவின் முதல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அதுவே அலுவலகமானது, பட்டறையானது. பிறகு அருங்காட்சியகமானது. சுற்றிலும் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் பெரிதாக வளர்ந்த பிறகும் அந்தக் கோயிலை இடிக்காமல் விட்டார்களே, அதற்காக அந்த மையத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம். இந்த நாட்டில் எத்தனையோ முதல் முயற்சிகள் நடந்த இடங்களில் இன்று ஒரு கல்கூட இல்லை.

நான் வித்துராக்காரி. திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பொன்முடி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் போணக்காடு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளிகள். அவர்களைப் பெற்றவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்கு மலையேறி வந்தவர்கள். தோட்டத்து லயத்தில் படித்து வளர்ந்து, பக்கத்துப் பள்ளியொன்றில் இயற்பியல் ஆசிரியையாகி, ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தும்பாவுக்கு அழைத்துப் போவது என் வழக்கம். நெடுமங்காடு போய், நகரத்து நெரிசலுக்குள் நுழையாமல் கழக்கூட்டம் பக்கமாகக் கடற்கரைக்கு இறங்கினால் ஐம்பது கிலோமீட்டர் போல வரும். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள், காணிக்குடி பிள்ளைகள், கடைத்தெருப் பிள்ளைகள் எல்லாரும் அதில் இருப்பார்கள். சிலருக்கு அதுதான் முதல்முறை கடல் பார்ப்பதாக இருக்கும்.

ஒரு வருஷம் எங்கள் வண்டியை ஓட்டி வந்தவர் பள்ளித்துறைக்காரர். பிள்ளைகள் வெளியே நிற்கும் ராக்கெட் மாதிரிகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தபோது அவர் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அருகில் போனதும், "டீச்சரே, எங்க அம்மச்சி கல்யாணம் இந்தப் பள்ளியிலதான் நடந்தது" என்றார். மலையாளத்தில் பள்ளி என்றால் கோயில். அதற்குள் பிள்ளைகளும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அம்மச்சி எந்தப் பக்கம் நின்றார், ஊர் எங்கே இருந்தது, வீட்டை விட்டுப் போகும்போது அழுதார்களா, மணியை எடுத்துப் போனார்களா என்று கேள்வி மேல் கேள்வி. நியூட்டனின் மூன்றாம் விதியை நான் எத்தனை விதமாக நடத்தியும் அந்தப் பிள்ளைகளிடம் அப்படியொரு ஆவலை வரவழைத்ததில்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். நிறைய அவருக்கே தெரியவில்லை. அம்மச்சி போய்ச் சேர்ந்துவிட்டார், கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்றார்.

அந்த அம்மச்சிக்கு அருங்காட்சியகத்துக்குள் ஓர் இடம் வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

தும்பா ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது இயற்பியல் ஆசிரியைக்கு இனிக்கும் பாடம். பூமியின் காந்தப் புலக் கோடுகள் தரைக்குக் கிடையாக ஓடும் இடங்களைச் சேர்த்தால் வருவது காந்த நடுக்கோடு. புவியின் நடுக்கோடு இந்தியாவைத் தொடுவதில்லை. காந்த நடுக்கோடு தென்கேரளத்தை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே, தரையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் காற்றின் அயனிகளுக்குள் பெரும் மின்னோட்டம் ஒன்று கிழக்கு நோக்கிப் பாய்கிறது. அதை ஆராய வேண்டுமென்றால் பலூன் பயன்படாது, அது நாற்பது கிலோமீட்டர் போவதற்குள் களைத்துவிடும். செயற்கைக்கோளும் பயன்படாது, அவ்வளவு தாழ்வில் சுற்றினால் காற்றின் உராய்வில் எரிந்து விழுந்துவிடும். மேலே போய், சில நிமிடங்கள் அளந்துவிட்டு, கடலில் விழுந்துவிடும் ஆய்வு ராக்கெட்தான் வழி. காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், விழுவதற்குக் கடலும், போய்வர அருகிலேயே ஒரு நகரமும் உள்ள இடம் தேவைப்பட்டது. விஞ்ஞானி விக்ரம் சாராபாயும் அவருடைய சகா சிட்னிஸும் கேரளக் கடற்கரையில் தேடித் தும்பாவில் வந்து நின்றார்கள்.

அதன் பிறகு நடந்ததை அப்துல் கலாம் பல மேடைகளிலும் எழுத்திலும் சொல்லியிருக்கிறார். சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவைப் போய்ப் பார்க்கிறார். கோயிலும் ஆயர் இல்லமும் ஊரும் வேண்டும் என்று கேட்கிறார். ஆயர் உடனே பதில் சொல்லாமல் ஞாயிறு பூசைக்கு வரச் சொல்கிறார். அந்த ஞாயிறு, மக்கள் முன்னிலையில் விஞ்ஞானியின் கோரிக்கையை எடுத்துச் சொல்லி, கொடுக்கலாமா என்று கேட்கிறார். ஆமென் என்று ஒரே குரலாகப் பதில் வருகிறது. மதமும் அறிவியலும் கைகோத்த தருணமாக இதை நாம் கொண்டாடுகிறோம். நானும் வகுப்பில் கண் கலங்கச் சொல்லியிருக்கிறேன். இன்றும் இந்தக் கதையை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் அந்தக் கதையில் பெயர் உள்ளவர்கள் இரண்டே பேர். ஆமென் சொன்னவர்கள் ஒரு கூட்டமாக மட்டுமே இருக்கிறார்கள். மீனவனுக்குக் கடற்கரை வீடு என்பது உறங்கும் இடம் மட்டுமில்லை. கட்டுமரத்தை இழுத்தேற்றும் மணல் அவனுடைய தொழிற்கூடம். வலை காயும் இடம், கருவாடு உலரும் இடம், எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் கடல் எப்படிக் கொந்தளிக்கும் என்று தாத்தா காலத்திலிருந்து படித்து வைத்த கரை. அதை விட்டு நகர்ந்தவர்களுக்குப் பக்கத்துப் பள்ளித்துறையில் வேறு இடம் கிடைத்தது, அதே மகதலேனா பெயரில் வேறு கோயிலும் எழுந்தது. ஆனாலும் கொடுத்தவர் கணக்கை முழுசாகச் சொன்னால்தான் அந்தக் கொடையின் எடை புரியும். எந்தக் குடும்பங்கள் போயின, வீடுகள் எங்கெங்கே இருந்தன, கல்லறைத் தோட்டம் என்னவாயிற்று, முதல் சில வருஷம் எப்படிப் பிழைத்தார்கள், யாருக்குத் தளத்தில் வேலை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதெல்லாம் ஒரு சுவர் நிறைய எழுத வேண்டிய செய்தி. கோயில் பதிவேடுகள் இருக்கும். நில எடுப்புக் கோப்புகள் வருவாய்த் துறையில் இருக்கும். பேரப்பிள்ளைகள் கண்ணெதிரே இருக்கிறார்கள்.

1963 நவம்பர் 21. அன்று மாலை ஏவப்பட்டது நைக்-அப்பாச்சி என்ற இரண்டடுக்கு ராக்கெட். ராக்கெட் அமெரிக்காவுடையது, அதில் வைத்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சினுடையது. கணினியும் ஹெலிகாப்டரும் பின்னால் சோவியத்திலிருந்து வந்தன. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் அந்த மூன்று நாட்டாரும் ஒரு மீனவக் கிராமத்தில் ஒன்றாக வேலை பார்த்தார்கள். நம் பக்கம் இருந்தவர்கள் இளைஞர்கள். நாசாவில் பயிற்சி முடித்து வந்த கலாம், ஆராவமுதன், ஈஸ்வரதாஸ் போன்றவர்கள். ராக்கெட்டை ஏவுமேடையில் ஏற்றும் நேரத்தில் கிரேனின் எண்ணெய் அழுத்தக் குழாய் கசிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஆட்கள் சேர்ந்து தோள் கொடுத்துத் தூக்கி வைத்தார்கள் என்று கலாம் எழுதியிருக்கிறார். எத்தனை தோள்கள், யார் யாருடைய தோள்கள் என்று அறிய எனக்கு ஆசை.

மாலை நேரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தரையில் இருட்டத் தொடங்கியிருக்கும், ஆனால் நூறு, இருநூறு கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கும். அங்கே சோடியத்தை ஆவியாக்கித் தூவினால், அந்த அணுக்கள் சூரிய ஒளியில் தமக்குரிய மஞ்சள் நிறத்தை மட்டும் வாங்கித் திருப்பி வீசும். இருண்ட வானத்தில் ஆரஞ்சுக் கோடு ஒன்று தோன்றி, மேல்காற்று இழுக்க இழுக்க நெளியும். அந்த நெளிவைக் கன்னியாகுமரி, பாளையங்கோட்டை, கொடைக்கானல் என்று தொலைவான இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் படம் எடுத்துக் கணக்குப் போட்டால் அந்த உயரத்தில் காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்று தெரிந்துவிடும். எவ்வளவு அழகான சோதனை! தமிழ்நாட்டு மண்ணில் நின்று கேரளத்து ராக்கெட்டின் புகையைப் படமெடுத்ததால்தான் அந்தக் கணக்கே வந்தது.

அம்மா அப்போது போணக்காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். எங்கள் லயத்திலிருந்து தெளிந்த நாளில் மேற்கே கடல் ஒரு வெள்ளிக் கோடாகத் தெரியும். எடை போட்டுவிட்டு வரும்போது வானத்தில் நெருப்பு நிறத்தில் பாம்பு ஓடியதாகச் சொல்வாள். சில பெண்கள் பயந்து குலவையிட்டார்களாம். பெரிய கணக்குப்பிள்ளை ஐயா ஏதோ சண்டை வந்துவிட்டது என்றாராம். மறுநாள் யாரோ செய்தித்தாள் பார்த்துச் சொன்ன பிறகுதான் தும்பா என்ற பெயர் தோட்டத்துக்கு வந்தது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நான்தான் அவள் சொன்னதை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். திருவனந்தபுரம், கொல்லம், கன்னியாகுமரி, நெல்லை மாவட்டங்களில் எழுபது வயதைத் தாண்டியவர்களில் அந்த ஆரஞ்சு மேகத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களுடைய குரல் எங்கும் பதிவாகாமல் போனால், அந்த மாலையில் நமக்கு மிஞ்சுவது உயரமும் நேரமும் மட்டுமே.

இந்த நாட்டில் கட்டிய முதல் ஆய்வு ராக்கெட் மிகச் சிறியது. ஆர்.எச்-75 என்ற அந்த ரோகிணியின் விட்டம் 75 மில்லிமீட்டர், இரு கை விரல்களையும் சேர்த்து வளைத்தால் அதற்குள் அடங்கிவிடும். 1967 நவம்பர் 20 அன்று தும்பாவிலிருந்து மேலே போனது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி இந்திரா காந்தி வந்து ஏவுதளத்தை ஐக்கிய நாடுகள் அவைக்கு அர்ப்பணித்தார், எந்த நாட்டு விஞ்ஞானியும் இங்கே வந்து சோதனை செய்யலாம் என்ற பொருளில். பெரிய ராக்கெட்டுகள் ஸ்ரீஹரிக்கோட்டாவுக்குப் போய்விட்டாலும் தும்பா ஓய்ந்துவிடவில்லை. ஆர்.எச்-200 என்ற ஆய்வு ராக்கெட் இன்றும் அங்கிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர் வரை போய்ச் செம்பு இழைகளைத் தூவி, ராடார் வழியாகக் காற்றைப் படிக்கிறது. 2022 நவம்பர் 23 அன்று அது தொடர்ச்சியாக 200ஆவது முறை வெற்றி கண்டது. சந்திரயானுக்குக் கைதட்டிய நம்மில் எத்தனை பேர் அந்தச் செய்தியைக் கவனித்தோம்?

சைக்கிள் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ராக்கெட்டின் மூக்குக் கூம்பை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் படம். 1966இல் தும்பாவுக்கு வந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் எடுத்தது. படத்தில் இருப்பவர்கள் சி.ஆர். சத்யா என்ற இளம் பொறியாளரும் வேலப்பன் நாயர் என்ற உதவியாளரும். தளத்தில் இருந்த ஜீப் வேறு வேலையில் இருந்ததால் சைக்கிளில் கொண்டுபோனோம் என்று சத்யா பின்னாளில் சொன்னார். இந்தப் படத்தையும் மாட்டுவண்டிப் படத்தையும் சேர்த்துப் போட்டு, ஏழ்மையிலிருந்து எழுந்த இந்தியா என்று பரப்புகிறார்கள். மாட்டுவண்டிப் படம் தும்பாவில் எடுத்ததே இல்லை. 1981இல் ஆப்பிள் செயற்கைக்கோளின் ஆண்டெனாவைப் பெங்களூரில் சோதித்தபோது, காந்தத் தன்மை உள்ள உலோகம் அருகே இருக்கக் கூடாது என்பதற்காகவே செயற்கைக்கோளை மரவண்டியில் ஏற்றினார்கள். காசில்லாததால் நடந்ததில்லை, யோசித்துச் செய்தது. அருங்காட்சியகம் என்ற ஒன்று இருப்பதே இப்படிப்பட்ட குழப்பங்களைத் தீர்க்கத்தான்.

அந்தச் சைக்கிள் படம் உலகம் சுற்றியதற்கு ராக்கெட் காரணமில்லை. கேரியரைப் பிடித்திருக்கும் கைதான் காரணம். கண்ணாடிப் பெட்டிக்குள் கூம்பை மட்டும் வைத்திருந்தால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். மனிதரைச் சேர்த்து வைத்தால் பொருள் பேசும் என்பதற்குத் தும்பாவிலேயே கிடைத்த சாட்சி அந்தப் படம்.

எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இருந்தார். எழுபதுகளில் தும்பாவில் ஃபிட்டர் வேலை பார்த்தவர். பெயர் வேண்டாம். ராக்கெட் குழாய்க்குள் எரிபொருளை வார்க்கும்போது ஒரு காற்றுக் குமிழி தங்கினாலும் எரியும் பரப்பு திடீரென்று கூடி வெடித்துவிடும் என்பதை எனக்குப் புரிய வைத்தவர் அவர்தான், பாடப்புத்தகம் இல்லை. சம்பளச் சீட்டுகள், கையால் வரைந்த அளவுப் படங்கள், தான் வாங்கிய வெர்னியர் அளவுகோல், வேலை தொடங்கிய முதல் நாளிலிருந்து எழுதிய சின்னச் சின்ன டயரிகள், எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். எங்கேயாவது ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரிடம் கொடுப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவர் இறந்த பிறகு பிள்ளைகள் வீட்டைப் பிரித்துக் கட்டினார்கள். பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. காகிதம் கிலோக் கணக்கில் போயிற்று. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு மதிப்பு உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இதே இழப்பு இன்னும் எத்தனை வீடுகளில் நடந்திருக்கும்? 1963இல் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. ஆராவமுதன் தம் நினைவுகளைப் புத்தகமாக எழுதிவிட்டு 2021இல் மறைந்தார். அது பெரிய காரியம். விஞ்ஞானிகள் எழுதுவார்கள், எழுதத் தெரிந்தவர்கள். லேத் ஓட்டியவர், ஜீப் ஓட்டியவர், சோறு பொங்கியவர், ஏவும் நாளில் கடலுக்குப் போகாமல் கரையில் காத்திருந்த மீனவர் எல்லாம் எழுதவில்லை. அவர்களிடம் யாராவது போய் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

சின்ன ஊர்கள் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. ரஷ்யாவின் கலூகா நகரத்தில் சியோல்கோவ்ஸ்கி என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். சிறு வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. தகரத்தில் தாமே செய்த காதுக்குழலை வைத்துக்கொண்டுதான் பிறர் பேசுவதைக் கேட்பார். ராக்கெட் எவ்வளவு எரிபொருளுக்கு எவ்வளவு வேகம் பெறும் என்ற சூத்திரத்தை உலகத்துக்குத் தந்தவர் அவர். 1935இல் இறந்தார், அடுத்த ஆண்டே அவர் வாழ்ந்த வீட்டை அருங்காட்சியகமாக்கினார்கள். பிறகு ஊரில் பெரிய விண்வெளி அருங்காட்சியகம் ஒன்றும் வந்தது. 1961இல் யூரி ககாரின் வந்து அடிக்கல் நாட்டினார், 1967இல் திறந்தார்கள். அந்தக் காதுக்குழல்களை இன்றும் அந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள். ஓர் ஆசிரியை என்ற முறையில் எனக்குச் சூத்திரத்தைவிட அந்தத் தகரக் குழல்கள்தான் நெஞ்சில் நிற்கின்றன. அமெரிக்காவில் ராபர்ட் கோடார்டு முப்பதுகளில் ராக்கெட் சோதனை நடத்திய ராஸ்வெல் என்ற சிற்றூரின் அருங்காட்சியகம் அவருடைய பட்டறையை அப்படியே அமைத்துக் காட்டியது.

ஜெர்மனியின் பீனமுண்டே இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1942இல் வி-2 ராக்கெட் முதன்முதலில் வெற்றியாகப் பறந்த கடலோரக் கிராமம் அது. அங்குள்ள அருங்காட்சியகம் பொறியியல் சாதனையைக் காட்டும் அதே கூரையின் கீழ், அதற்காகக் கொத்தடிமைகளாக உழைத்துச் செத்தவர்களையும், அந்த ராக்கெட் விழுந்து செத்தவர்களையும் காட்டுகிறது. தும்பாவின் கதை அப்படி இரத்தம் தோய்ந்ததில்லை, போருக்காகத் தொடங்கியதும் இல்லை. கொடுத்தவர்கள் மனமுவந்து கொடுத்த இடம் இது. எவ்வளவோ கசப்பான வரலாற்றையே அவர்கள் மறைக்காமல் வைத்திருக்கும்போது, இவ்வளவு நல்ல வரலாற்றின் பாதியை நாம் ஏன் விட்டுவிட வேண்டும்?

நம் பக்கத்திலேயே கர்நாடகத்தின் சிவமொக்கா இருக்கிறது. அந்த மாவட்டத்தின் நகரா என்ற ஊரில் பாழடைந்த கிணறு ஒன்றைத் தோண்டியபோது 2018இல் மைசூர் ஆட்சிக்கால இரும்பு ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன. டெல்லிக்குக் கொண்டுபோகவில்லை, சிவமொக்காவிலேயே அரசு அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். உள்ளூர்ப் பிள்ளை நடந்து போய்ப் பார்க்கலாம். மறுபக்கம் நம் சென்னையைப் பாருங்கள். 1910இல் டி ஏஞ்சலிஸ் என்ற ஓட்டல்காரர் சிம்ப்சன் பட்டறையில் விமானம் செய்து பறந்து காட்டினார், மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். அந்த விமானத்தின் ஒரு மரச்சட்டமாவது பார்த்தவர் உண்டா?

இது கேரளத்து விஷயம், நமக்கென்ன என்று தமிழ் வாசகர் நினைக்க வேண்டாம். தும்பாவை உருவாக்கியதில் தமிழர் பங்கு பெரிது. ராமேசுவரத்துக் கலாமும் சென்னை ஆராவமுதனும் தொடக்கத்திலேயே இருந்தார்கள். திரவ எரிபொருள் இயந்திரங்களை வளர்த்த முத்துநாயகமும் நம்பி நாராயணனும் நாஞ்சில் நாட்டோடு உறவுள்ளவர்கள். பின்னால் இஸ்ரோ தலைவர்களான சிவனும் வி. நாராயணனும் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள். மகேந்திரகிரியில் சோதிக்கும் இயந்திரத்தை வடிவமைப்பது எங்கள் நெடுமங்காட்டுக்குப் பக்கத்து வலியமலையில்தான். மலைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஒரே தொழில் நடக்கிறது.

அதைவிட முக்கியம் குலசேகரன்பட்டினம். 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அன்றே ஆர்.எச்-200 ஒன்றும் அங்கிருந்து ஏவப்பட்டது, தும்பாவின் பிள்ளை தூத்துக்குடிக் கரைக்கு வந்து முதல் கால் வைத்தது போல. சிறிய செயற்கைக்கோள்களைத் துருவப் பாதையில் தெற்கு நோக்கி ஏவும்போது ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து இலங்கையைச் சுற்றி வளைத்துப் போக வேண்டியிருக்கிறது, அதில் எரிபொருள் வீணாகிறது. குலசையிலிருந்து நேரே போகலாம். இடம் மிகச் சரியானது, திட்டம் வர வேண்டியது. அதற்காக இரண்டாயிரம் ஏக்கருக்கும் மேல் நிலம் எடுக்கப்பட்டிருக்கிறது. தேரி மணலும் பனையும் முருங்கையும் நின்ற நிலம், அருகே முத்தாரம்மன் தசராவுக்கு வேடம் கட்டும் ஊர்கள், ஏவும் நாளில் கடலில் எவ்வளவு தூரம் விலகியிருக்க வேண்டும் என்று கவலைப்படும் மீனவர்கள்.

தும்பாவில் அறுபது ஆண்டு கழித்துக் கேட்பதைக் குலசையில் இன்றே தொடங்கலாம். நிலம் கொடுத்த ஒவ்வொரு குடும்பத்தின் பெயரும், அந்த நிலத்தின் பழைய படமும், அவர்கள் சொல்லும் வார்த்தையும் இப்போதே பதிவாக வேண்டும். வேலிக்கு வெளியே, எந்த அனுமதிச் சீட்டும் இல்லாமல் யாரும் போய்வரக்கூடிய இடத்தில், ஒரு சிறிய அருங்காட்சியகம் வேண்டும். ஏவுதளத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. பனையேறிய ஒருவரின் பாளை அரிவாளும், முதல் ராக்கெட்டின் ஒரு துண்டும் ஒரே மேசையில் இருக்கட்டும். விளக்கம் தமிழில் இருக்கட்டும், அந்த ஊர்க்காரர்களே நின்று சொல்லட்டும்.

தும்பாவில் செய்ய வேண்டியதும் கடினமில்லை. கோயிலின் ஒரு பக்கச் சுவர் போதும். பழைய தும்பாவின் வரைபடம், குடும்பங்களின் பெயர்கள், அங்கே நடந்த கடைசிப் பூசையைக் கண்டவர்களின் பேச்சு, முதல் தொழிலாளிகளின் படங்கள். ஆண்டுக்கு ஒரு நாள், நவம்பர் 21 என்று வைத்துக்கொள்ளலாம், பள்ளித்துறைக்காரர்களை அழைத்து அவர்கள் முன்னோர் மண்டியிட்ட இடத்தில் உட்கார வைத்து மரியாதை செய்யலாம். பதிவு செய்யும் வேலைக்கு ஆளில்லை என்று சொல்ல முடியாது. வலியமலையில் விண்வெளிக் கல்லூரி இருக்கிறது. எங்கள் வித்துராவிலேயே மருதாமலையில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்து, கைப்பேசியில் ஒரு மணி நேரம் பதிவு செய்தால் இரண்டே பருவத்தில் ஒரு பெரிய களஞ்சியம் சேர்ந்துவிடும். அவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் போணக்காட்டுக்கு வரட்டும். தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடந்தாலும் லயங்களில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், அந்த மாலையின் வானத்தைப் பற்றிக் கேட்டால் சொல்வார்கள். என் அம்மாவின் நோட்டை முதல் ஆளாக நான் கொடுக்கிறேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாராவது தும்பாவிலோ வலியமலையிலோ மகேந்திரகிரியிலோ ஸ்ரீஹரிக்கோட்டாவிலோ எந்த வேலை பார்த்திருந்தாலும், காவலாளியாக இருந்தாலும் சரி, அவர்களுடைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, குழுப் படம், டயரி எதையும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். படத்தின் பின்புறம் இடமிருந்து வலமாக யார் யார் என்று அவர்களைக் கேட்டுப் பெயரையும் ஆண்டையும் இன்றைக்கே எழுதி வையுங்கள்.